ஐஸ்விட்ச் விலகிய மாதம்: சிங்கப்பூர் வீடுகளும் நிலையான விலை மின்திட்டங்களும்

2021 அக்டோபர் 13 அன்று ஐஸ்விட்ச் என்ற நிறுவனம், நவம்பர் 11க்குப் பிறகு சிங்கப்பூரில் மின்சாரம் விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. சொந்தமாக மின்னிலையம் இல்லாமல், மொத்தச் சந்தையில் வாங்கி வீடுகளுக்கு விற்றுவந்த நிறுவனங்களில் அதுதான் பெரியது. அதே வாரத்தில் ஓம் எனர்ஜியும் விலகுவதாகச் சொன்னது. பிறகு பெஸ்ட் எலெக்ட்ரிசிட்டி, டயமண்ட் எலெக்ட்ரிக் என்று வரிசை நீண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தங்கள் விற்பனையாளரை இழந்தன. அவற்றில் பல, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ 'விலை மாறாது' என்று எழுதி வாங்கிக்கொண்ட வீடுகளுடையவை.

எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. குளிர்சாதனம் நிற்கவில்லை. மாறியது பில்லில் இருந்த விலை மட்டும்தான். ஆனாலும் நிலையான விலையா, ஏறி இறங்கும் விலையா என்று வீட்டுக்கு மின்திட்டம் தேர்ந்தெடுக்கும் யாருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. வழக்கமான கேள்வியே கொஞ்சம் பிசகான கேள்வி என்பதை இந்த நிகழ்வு காட்டிக்கொடுத்தது.

சந்தை எப்படித் திறந்தது

அதுவரை சிங்கப்பூர் வீடுகளுக்கு மின்சாரம் விற்றது எஸ்பி குழுமம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் இன்றும் நிலைமை அப்படித்தான், வாரியம் சொல்வதே விலை. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்குமேல் படிப்படியாக ஏறும் விலை. சிங்கப்பூரில் முதல் யூனிட்டுக்கும் ஆயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. திட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே எளிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2018 ஏப்ரல் 1 அன்று ஜூரோங் வட்டாரத்தில் மட்டும் சோதனையாகச் சந்தையைத் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் தொடங்கி 2019 மே வரை, அஞ்சல் குறியீட்டின்படி நான்கு வட்டாரங்களாகப் பிரித்து நாடு முழுவதற்கும் விரித்தார்கள். விமானச் சீட்டு விற்பதைப் போல விளம்பரங்கள் வந்தன. வங்கி அட்டையோடு சேர்ந்த சலுகை, நண்பரை அழைத்துவந்தால் கழிவு, பேரங்காடிப் பற்றுச்சீட்டு. சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி வீடுகள் எஸ்பியை விட்டு மாறின.

மாறுகிறவர்முன் இரண்டு வழக்கமான திட்டங்கள் இருந்தன. ஒன்று நிலையான விலைத் திட்டம்: ஒப்பந்தக் காலம் முழுவதும் யூனிட்டுக்கு ஒரே காசு. மற்றது தள்ளுபடித் திட்டம்: எஸ்பியின் கட்டணம் எவ்வளவோ அதில் இத்தனை சதவீதம் குறைவு. எஸ்பியின் கட்டணம் ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். சிங்கப்பூரில் வீட்டுக்காரர் ஏறி இறங்கும் விலை என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். மூன்றாவது வழி ஒன்றும் திறந்தே இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை மாறும் மொத்தச் சந்தை விலையிலேயே எஸ்பி வழியாக வாங்கிக்கொள்ளலாம். வீடுகளில் அந்தப் பக்கம் போனவர்கள் சொற்பம். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எஸ்பியின் கட்டணம் எப்படி அமைகிறது என்பது இந்தக் கதைக்கு முக்கியம். அது காலாண்டுக்கு ஒருமுறை மாறும். எரிசக்திச் சந்தை ஆணையம் அதைச் சரிபார்க்கும். அதற்குள் நான்கு கூறுகள்: மின்சாரம் உற்பத்தி செய்யும் செலவு, கம்பிவடக் கட்டமைப்புக்கான கட்டணம், மீட்டர் வாசிப்பு, பில் போன்ற சேவைகளுக்கானது, சந்தையை நடத்துவதற்கான சிறு தொகை. பெரியது முதல் கூறு. அதைத் தீர்மானிப்பது எரிவாயு விலை, ஏனென்றால் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் எரிவாயுவில் பிறக்கிறது. அந்த எரிவாயு விலையும் அன்றன்றைய விலை அல்ல. முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாதங்களின் சராசரி. எனவே உலகச் சந்தையில் இன்று விழும் இடி, எஸ்பி பில்லில் கேட்பதற்குச் சில மாதங்கள் ஆகும்.

மூன்று வீடுகளின் கணக்கு

ஒரே அளவு மின்சாரம் செலவழிக்கும் மூன்று வீவக வீடுகளை, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளை, வைத்துக்கொள்வோம். மாதம் 400 யூனிட், நாலறை வீட்டுக்குப் பொருத்தமான அளவுதான். முதல் வீடு வரி உட்பட 18 காசு (சிங்கப்பூர் சென்ட்) நிலையான விலையில் இருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு எஸ்பி கட்டணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. மூன்றாவது வீடு எஸ்பியை விட்டு நகரவே இல்லை. 18 காசும் 20 சதவீதமும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, அன்றைய விளம்பரங்களுக்குப் பக்கத்தில் இருப்பவை. எஸ்பியின் கட்டணங்கள் மட்டும் அப்படியே உண்மையானவை.

2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை கொரோனாவால் எண்ணெயும் எரிவாயுவும் சரிந்துகிடந்தன. எஸ்பி கட்டணம் வரிக்கு முன் 19.60 காசு. அன்றைய 7 சதவீத வரியோடு மூன்றாவது வீட்டின் மாத பில் 83.89 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தள்ளுபடி வீட்டுக்கு 67.11. நிலையான விலை வீட்டுக்கு 72. விலை விழுந்தபோது தள்ளுபடி முந்திக்கொண்டது, ஆனால் வித்தியாசம் ஐந்து வெள்ளிக்குள்தான்.

2021 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எஸ்பி கட்டணம் 24.11 காசு. மூன்றாவது வீட்டுக்கு 103.19 வெள்ளி, தள்ளுபடி வீட்டுக்கு 82.55, நிலையான விலைக்கு அதே 72.

2022 ஜூலை முதல் செப்டம்பர் வரை, உக்ரேன் போருக்குப் பின், எஸ்பி கட்டணம் 30.17 காசு. இப்போது எஸ்பி வீடு 129.13 வெள்ளி கட்டுகிறது, தள்ளுபடி வீடு 103.30 கட்டுகிறது. நிலையான விலை வீடு இன்னும் ஒப்பந்தத்தில் இருந்தால் 72தான்.

காகிதத்தில் பார்த்தால் நிலையான விலை வென்றது, அதுவும் அபாரமாக. 'இருந்தால்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 2020இல் 18 காசுக்குக் கையெழுத்திட்ட எல்லாரும் 2022இல் 18 காசு கட்டவில்லை.

நடுவில் நின்றவரின் கணக்கு

மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டு டோக்கன் வாங்குகிறோம். நடுவில் அரிசி விலை ஏறினால் நமக்குக் கவலையில்லை, மெஸ்காரருக்குத்தான். அவர் கிடங்கில் மூட்டை இருந்தால் சமாளிப்பார். அன்றன்று கடையில் வாங்கிச் சமைப்பவராக இருந்தால் ஒருநாள் கதவு பூட்டியிருக்கும். மின்சாரத்தைக் கிடங்கில் வைக்க முடியாது. அதனால் அங்கே மூட்டைக்குப் பதில் ஒப்பந்தம்: எதிர்காலத்துக்கான விலையை இன்றே பேசி வைத்துக்கொள்வது. தொழிலில் இதை ஹெட்ஜிங் என்கிறார்கள்.

வீடு கட்டும் 18 காசில் வரியை எடுத்துவிட்டால் 16.8 காசு. கம்பிவடக் கட்டணம், சேவைக் கட்டணங்கள் போக, மின்சாரம் வாங்குவதற்கு விற்பனையாளர் கையில் நிற்பது உத்தேசமாக 11 காசு. மொத்தச் சந்தையின் மொழியில் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 110 வெள்ளி. 2020இல் மொத்த விலையின் சராசரி 100 வெள்ளிக்கும் கீழே கிடந்தது. அன்றன்று வாங்கி விற்றாலே லாபம். ஹெட்ஜிங்குக்குச் செலவழிப்பது வீண் என்று தோன்றக்கூடிய காலம். விளம்பரத்தில் அரைக் காசு குறைத்துக் காட்டியவருக்கு வாடிக்கையாளர் வந்தார்.

2021இன் பிற்பாதியில் நிலைமை தலைகீழானது. உலகம் முழுதும் எரிவாயு விலை எகிறியது. அதோடு சிங்கப்பூருக்கென்றே வந்த சோதனையும் சேர்ந்துகொண்டது. இந்தோனேசியாவின் மேற்கு நட்டூனாவிலிருந்து குழாயில் வரும் எரிவாயு குறைந்தது. தென் சுமத்ராவிலிருந்து வந்ததும் அழுத்தம் குறைந்து வந்தது. மொத்தச் சந்தையில் மெகாவாட் மணிக்கு 4,500 வெள்ளி என்று உச்சவரம்பு உண்டு. யூனிட்டுக்கு நாலரை வெள்ளி. எப்போதோ சில அரை மணிகளில் மட்டும் தலைகாட்டும் அந்த மாதிரியான விலைகளை அந்த அக்டோபரில் சந்தை எட்டிப் பார்த்தது.

உச்சத்தை விடுங்கள். சராசரி 300 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். 11 காசு வாங்கிக்கொண்டு 30 காசுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் 19 காசு நட்டம். 400 யூனிட் வீடு ஒன்றுக்கு மாதம் 76 வெள்ளி. வீட்டின் பில்லையே விஞ்சும் நட்டம். வாடிக்கையாளர் எத்தனை பேரோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளலாம்.

தள்ளுபடித் திட்டம் விற்றவர் தப்பித்தாரா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விலை ஏறினால் அவருடைய விலையும் ஏறுமே என்று. ஏறும், ஆனால் எதைப் பின்பற்றி? எஸ்பி கட்டணத்தை. அதுவோ பழைய எரிவாயு விலையின் சராசரியைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகர்வது. மொத்தச் சந்தை அரை மணிக்கு ஒருமுறை நகர்வது. 2021 கடைசிக் காலாண்டில் தள்ளுபடி வீட்டிடமிருந்து விற்பனையாளருக்கு மின்சாரத்துக்கென்று கிடைத்தது ஏறத்தாழ 13 காசு. அதே 300 வெள்ளிச் சந்தையில் யூனிட்டுக்கு 17 காசு நட்டம். நிலையான விலை விற்றவரைவிட இரண்டு காசு மேல், அவ்வளவே. வீட்டுக்கு அது ஏறி இறங்கும் விலை. விற்பவருக்கு அது ஏறக்குறைய நிலையான விலை.

இரண்டு திட்டங்களிலும் சுமை விற்பவர் தலையில்தான் இருந்தது. கெப்பல், செம்ப்கார்ப், துவாஸ் பவர், செனோகோ, ஜெனிகோ போன்ற பெயர்களுக்குப் பின்னால் மின்னிலையங்கள் இருந்தன. மொத்தச் சந்தையில் விலை ஏறினால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொள்ள முடிந்தது. ஐஸ்விட்ச், ஓம் போன்றவர்களுக்கு அந்த மறு கை இல்லை.

விட்டுப் போனபின் வீட்டுக்கு நேர்ந்தது

விலகிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்கள் எஸ்பிக்கு மாற்றப்பட்டார்கள், எஸ்பியின் வழக்கமான கட்டணத்தில். சிங்கப்பூர் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கீழே வலை கட்டியிருந்தார்கள். விழுந்தவர் சந்தையின் அரை மணி விலையில் போய் விழவில்லை, காலாண்டுக் கட்டணத்தில் விழுந்தார். அன்றைய நிலையில் அந்தக் கட்டணம் சந்தையைவிட மிகவும் மலிவு.

அதனால்தான் 'குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு ஏமாந்தார்கள்' என்று அப்போது எழுந்த பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. 2019இலிருந்து 18 காசில் இருந்த வீடு, எஸ்பியில் இருந்திருந்தால் கட்டியிருக்கும் தொகையைவிட மாதாமாதம் கணிசமாகக் குறைவாகக் கட்டியது. அது கைக்கு வந்து முடிந்த லாபம். நிறுவனம் மூடியதும் யாரும் வந்து திருப்பிக் கேட்கவில்லை. வீடு இழந்தது இனி வரவிருந்த லாபத்தை.

அந்த இழப்பு எவ்வளவு என்பதைத்தான் ஆற அமரக் கணக்கிட வேண்டும். 2022இன் நான்கு காலாண்டுகளில் எஸ்பி கட்டணம் வரிக்கு முன் 25.44, 27.94, 30.17, 29.74 காசு. 400 யூனிட் வீட்டுக்கு வரியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,455 வெள்ளி. 18 காசு ஒப்பந்தம் அந்த ஆண்டு முழுதும் நீடித்த வீட்டுக்கு 864. வித்தியாசம் 590 வெள்ளி.

இப்போது ஒப்பந்தம் போட்ட நாளுக்குத் திரும்புவோம். மின்னிலையம் உள்ள நிறுவனம் 18 காசு கேட்கிறது, இல்லாத நிறுவனம் பதினேழரை கேட்கிறது. வீட்டுக்காரர் பதினேழரையைத் தேர்ந்தெடுக்கிறார். அரைக் காசு, மாதம் 2 வெள்ளி, ஆண்டுக்கு 24. அந்த 24 வெள்ளிக்காக, மிகவும் தேவைப்பட்ட ஆண்டில் 590 வெள்ளியைக் காக்கக்கூடிய ஒப்பந்தம் கைநழுவுகிறது. தள்ளுபடித் திட்டத்தில் இருந்தவர் உறுதியான நிறுவனத்திடம் இருந்திருந்தால் 2022இல் அவருக்கு மிச்சம் சுமார் 290 வெள்ளி. பலமான நிறுவனத்தின் தள்ளுபடித் திட்டம், பலவீனமான நிறுவனத்தின் நிலையான விலையைத் தோற்கடித்துவிட்டது. எல்லாரும் நிலையானதா, மாறுவதா என்று அலசிக்கொண்டிருந்தபோது, தீர்மானித்த கேள்வி வேறாக இருந்தது: எரிவாயு விலை ஏறும் நாளில் சுமையைத் தாங்கப்போவது யார், அவரால் எத்தனை மாதம் தாங்க முடியும்?

நிலையான விலை என்பது ஒரு காப்பீடு. காப்பீட்டு நிறுவனம் நிலைத்திருக்குமா என்று பார்க்காமல் பிரீமியத்தை மட்டும் பார்த்து யாரும் காப்பீடு எடுப்பதில்லை. மின்சாரத்தில் மட்டும் அப்படிச் செய்தோம்.

வலை இல்லாத இடத்தில்

சுமை முழுவதும் வீட்டின் தலையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் பதில் சொன்னது. அங்கே கிரிடி என்ற நிறுவனம் மாதம் 9.99 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு, மொத்தச் சந்தை விலையிலேயே வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்துவந்தது. சாதாரண நாட்களில் அதைவிட மலிவு வேறில்லை. பனிப்புயலில் மின்னிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்தபோது, மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பிலேயே சந்தை விலை நாள்கணக்கில் நிறுத்தப்பட்டது. யூனிட்டுக்கு 9 டாலர். புயலுக்கு முன்பே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள் என்று கிரிடியே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. மாற முடியாதவர்களில் சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. மார்ச்சில் கிரிடி திவால் மனு கொடுத்தது. மொத்தச் சந்தை விலையோடு நேரடியாகக் கட்டிய திட்டங்களை வீடுகளுக்கு விற்கக்கூடாது என்று டெக்சஸ் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது.

சிங்கப்பூரிலும் இதற்கு இணையான வலியை அனுபவித்தவர்கள் இருந்தார்கள், வீடுகளில் அல்ல, தொழில்களில். அதிகம் மின்சாரம் பயன்படுத்தும் தொழில்களுக்கு எஸ்பியின் காலாண்டுக் கட்டணம் என்ற வலை கிடையாது. விற்பனையாளர் விலகினால் மொத்தச் சந்தையின் அரை மணி விலைதான். புதிதாக நிலையான விலை கேட்டால் தர ஆள் இல்லை. தற்காலிக ஒப்பந்த உதவித் திட்டம் ஒன்றை ஆணையம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வீட்டுச் செலவைப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். சலவைக்கடையும் அடுமனையும் கட்டும் மின்கட்டணம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்துசேர்கிறது.

உச்சத்தில் கையெழுத்திடுவது

நெருக்கடிக்குப் பிறகு விற்பனை நிறுவனங்களுக்கான மூலதன, ஹெட்ஜிங் விதிகளை ஆணையம் இறுக்கியது. 2023 ஜூலை 1 முதல் மொத்தச் சந்தையில் தற்காலிக விலை வரம்பு ஒன்றும் வந்தது. ஏட்டில் நன்றாக இருக்கிறது. ஆனால் போட்டி குறைந்துவிட்டது என்பதும் உண்மை. மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் மின்னிலையக் குடும்பத்தினர். 2019இன் விலைகள் திரும்பி வரவில்லை.

அப்படியானால் விலை உச்சத்தில் இருக்கும்போது ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவர் என்ன செய்வது? பயத்தில் நிலையான விலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு கட்டணம் இறங்கினால் மாட்டிக்கொள்வோமே என்ற கவலை நியாயமானது. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2022 மூன்றாம் காலாண்டில், எஸ்பி கட்டணம் வரியோடு 32.28 காசாக இருந்தபோது, ஒரு வீடு வரி உட்பட 30 காசுக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டதாக வைத்துக்கொள்வோம். 2023இல் வரி 8 சதவீதமானது. வரி ஏறினால் நிலையான விலையும் அந்த அளவுக்கு ஏறும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இல்லாத விஷயம் இது. 30 காசு 30.28 ஆகிறது. 2023 இரண்டாம் காலாண்டில் எஸ்பி கட்டணம் 27.43க்கு இறங்கியது, வரியோடு 29.62. வீடு கூடுதலாகக் கட்டுவது யூனிட்டுக்கு 0.66 காசு, மாதம் 2.64 வெள்ளி. அதைத் தவிர்க்க ஒப்பந்தத்தை முறித்தால் முறிவுக் கட்டணம் அதைவிட அதிகமாகவே வரும். பேசாமல் கட்டிவிட்டுப் போகலாம்.

உச்சத்தில் நான் பார்ப்பது ஒப்பந்தத்தின் நீளத்தை. 24 மாதத்துக்குச் சற்றுக் குறைந்த விலை காட்டினாலும் 6 அல்லது 12 மாதமே எடுப்பேன். விலை தாழ்ந்து கிடக்கும்போது நேர்மாறாக, கிடைப்பதில் நீளமானதை, மின்னிலையம் உள்ளவரிடம், அரைக் காசு கூடக் கொடுத்தாவது.